கடல் கடந்த தகலாகு

மொழிகள் நாடுவிட்டு நாடு பரவிய வரலாற்றைப் புரட்டினால் பெரும்பாலும் பேரரசின் படையையோ சமயத்தின் தூதுவரையோ வணிகரின் கப்பலையோ காண்கிறோம். இம்மூன்றின் துணையுமின்றி, வேலை ஒப்பந்தத் தாளும் ஒரு பெட்டியுமாகப் புறப்பட்ட எளிய மக்களோடு உலகைச் சுற்றிய மொழி ஒன்று உண்டு. அதுவே பிலிப்பைன்சு நாட்டின் தகலாகு.

அந்நாடு 7,000க்கும் மேற்பட்ட தீவுகளால் ஆனது. மொழிகளோ 170க்கும் மேல். அவற்றுள் தலைநகர் மணிலாவைச் சூழ்ந்து வழங்கியது தகலாகு. 'ஆற்றங்கரையார்' என்பது அப்பெயரின் பொருள் என்பர். 1937ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், குடியரசுத் தலைவர் மானுவேல் கெசோன், தேசிய மொழிக்குத் தகலாகே அடிப்படை என அறிவித்தார். 1959இல் அதற்குப் 'பிலிப்பினோ' என்று பெயர் சூட்டினர். 1987 அரசியலமைப்பில் அது 'ஃபிலிப்பினோ' ஆயிற்று. பெயரில் ஓர் ஆய்தம் ஏறியதேயன்றி மொழி மாறவில்லை என்று செபுவானோ முதலிய மொழியினர் குறைப்படுவதுண்டு. அவர்கள் குறையில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நமக்கும் அம்மொழிக்கும் மெல்லிய உறவு ஒன்றுண்டு. ஸ்பானியர் வருமுன் தகலாகு 'பாய்பாயின்' என்னும் எழுத்தில் எழுதப்பட்டது. 1593இல் மணிலாவில் அச்சான சமய நூலில் அவ்வெழுத்தை இன்றும் காணலாம். அது பிராமிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1989இல் லகூனா பகுதியில் கிடைத்த செப்பேடு கி.பி. 900ஐச் சார்ந்தது, அதன் காவி எழுத்து, பல்லவர் எழுத்தின் வழிவந்தது. மாம்பழத்துக்கு அவர்கள் வழங்கும் 'மங்கா' என்னும் சொல்லும் நம் மாங்காயிலிருந்து மலாய் வழியாகச் சென்றது என்பது சொல்லாய்வாளர் கருத்து.

மரியாதைக்கு அம்மொழியில் ஒரு தனிச்சொல் உண்டு. அது 'போ'! நாம் பெரியவரிடம் சொன்னால் அடி விழும். அவர்களோ பெரியவரிடம் சொல்லாவிட்டால்தான் குற்றம். 'சலாமத் போ' என்றால் 'நன்றி, ஐயா'. நம் 'ங்க'வைப் போன்றதே அது. அண்ணனுக்குக் 'கூயா', அக்காளுக்கு 'ஆத்தே'. இவை சீனரிடமிருந்து பெற்றவை. வளைகுடா நாட்டில் எட்டாண்டுகள் உழைத்துத் திரும்பிய என் சிற்றப்பா, ஆங்கிலம் அறியாதவர். ஆயினும் உடன் வேலைசெய்த பிலிப்பைன்சுக்காரரைக் 'கபாயான்' என்றே அழைத்துப் பழகியவர். 'நம்மூர்க்காரர்' என்று பொருள். தமிழரும் மலையாளிகளும்கூட அங்கே அச்சொல்லை வழங்குகின்றனர்.

இப்பரவல் எவ்வாறு நிகழ்ந்தது? 1906இல் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் பதினைந்து பேர் சென்றனர். பின்னர் பல்லாயிரவர் சென்றனர். 1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியதும் செவிலியரும் மருத்துவரும் புறப்பட்டனர். 1974இல் அதிபர் மார்க்கோசு பிறப்பித்த தொழிலாளர் சட்டம், வெளிநாட்டு வேலைவாய்ப்பை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. இன்று உலகக் கப்பற் பணியாளரில் நான்கில் ஒரு பங்கினர் வரை பிலிப்பைன்சுக்காரர் என மதிப்பிடுகின்றனர். 2019இல் அமெரிக்காவில் தகலாகை வீட்டு மொழியாகக் கொண்டோர் 17 இலட்சத்துக்கு மேல். ஆங்காங்கில் ஞாயிறுதோறும் வீட்டுப் பணிப்பெண்கள் நகர நடுவில் அட்டை விரித்து அமர்ந்து உண்டு, பாடி, ஊர்க்கதை பேசுகின்றனர்.

மொழியோடு பண்பாடும் சென்றது. புளிக்காடியில் வேகும் 'அடோபோ' கறியும், விண்மீன் வடிவக் கிறித்துமசு விளக்கான 'பரோலு'ம் எங்கும் உடன் சென்றன. 1978இல் பிரெடி அகிலார் பாடிய 'அனாக்' பாட்டு பல மொழிகளில் பெயர்த்துப் பாடப்பட்டது. அச்சொல்லுக்குப் 'பிள்ளை' என்று பொருள்.

பிள்ளை என்றதும் இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தாய் அயல்நாட்டில் யாருடைய குழந்தையையோ வளர்க்க, அவள் குழந்தை பாட்டியிடம் வளர்கிறது. அவள் அனுப்பும் 'பாலிக்பாயான்' பெட்டியில் சோப்பு, மிட்டாய், காலணி எல்லாம் இருக்கும். 2023இல் இவ்வாறு வெளிநாடுகளில் இருப்போர் அனுப்பிய பணம் 3,300 கோடி டாலரைத் தாண்டியது. ஆயினும் 1995இல் புளோர் கொந்தெம்பிளாசியோன் என்ற பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது நாடே கொதித்தெழுந்தது. அவ்வாண்டிலேயே வெளிநாட்டுத் தொழிலாளர் காப்புச் சட்டம் பிறந்தது. உயிர் ஒன்று போன பின்னரே சட்டம் வந்தது!

என் போன்றோர் சிந்திக்கவேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. ஊர்ப் பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்று, இங்கே இயற்பியலை ஆங்கிலத்தில் கற்பவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. அங்கும் இதே கதைதான். ஆட்களை அனுப்பக் கொள்கை வகுத்த அதே 1974இல் வந்த இருமொழிக் கல்வித் திட்டம், அறிவியலுக்கும் கணக்கிற்கும் ஆங்கிலத்தையே வைத்தது. தகலாகு சமூகப் பாடம் முதலியவற்றோடு நின்றது. இரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தது தற்செயலோ அல்லவோ, ஆய்வுக்கூடத்துக்குள் நுழையாத மொழி கடல்களைக் கடந்தது என்பது விந்தையே. 2013இல் உயர்கல்வி ஆணையம், கல்லூரிகளின் கட்டாயப் பாடத்திலிருந்து பிலிப்பினோவை நீக்கியது. ஆசிரியர்கள் வழக்குத் தொடுத்தனர். 2018இல் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் முடிவே செல்லும் என்றது.

1906இல் ஹவாய் சென்ற அந்தப் பதினைந்து பேர் தகலாகரும் அல்லர், இலோகானோ மொழியினர். இன்று ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்தில் பிலிப்பினோ, இலோகானோ இரண்டும் பாடமாக நடத்தப்படுகின்றன.