தண்டவாளத்து ஊர்கள் – 9: மனையின் மீதி விலை

சென்ற வாரம் தாம்பரத்தோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அதைத் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் போவோம். சென்னையில் சம்பளம் வாங்கி, அந்தச் சம்பளத்தில் சென்னையில் வீடு வாங்க முடியாதவர்கள் வந்து சேர்ந்த ஊர்கள் இவை.

இந்த ஊர்களைப் புரிந்துகொள்ள நல்ல இடம் ஸ்டேஷனை ஒட்டிய பைக் ஸ்டாண்டு. கூடுவாஞ்சேரி மாதிரி ஓர் ஊரில் காலை ஏழரை மணிக்கு அங்கே போய் நின்று பாருங்கள். வண்டிகளை வந்த வரிசையில் அடுக்குவதில்லை. மாலை ஆறரைக்கே திரும்பிவிடும் அரசு ஊழியரின் ஸ்கூட்டர் வாசலருகே நிற்கும். ராத்திரி பத்து மணிக்கு வரும் சௌகார்பேட்டைக் கடைக் கணக்கரின் வண்டி சுவரோரம் போய்விடும். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்புபவரின் பைக் கடைசி மூலையில், கவர் போட்டு. "பொத்தேரி எடுத்துட்டான் சார், வண்டிய அப்படியே விட்டுட்டு ஓடுங்க, நான் ஸ்டாண்டு போட்டுக்கறேன்" என்று ஸ்டாண்டுக்காரர் குரல் கொடுத்தால், முந்தைய ஸ்டேஷனிலிருந்து ரயில் கிளம்பிவிட்டது, பிளாட்பாரத்துக்கு ஓட மூன்று நிமிடம் இருக்கிறது என்று கணக்கு. யார் எங்கே வேலை பார்க்கிறார்கள், யாருக்கு நைட் ஷிப்ட், யார் வீட்டில் விசேஷம் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அவர்கள் குடியிருக்கும் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

இந்தப் பாதையில் ரயிலுக்குப் பின்னால்தான் ஊர் வந்தது. கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் மாம்பலத்துப் பெரிய ஏரியை மேடாக்கி தியாகராய நகரை உருவாக்கியிருந்தார்கள். அன்றைக்கு அதுவே புறநகர். பிறகு குரோம்பேட்டை, அப்புறம் தாம்பரம் என்று புறநகர் தெற்கே நகர்ந்துகொண்டே போனது. வண்டலூரைத் தாண்டியதும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) பழைய எல்லை முடிந்துவிடும். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அந்த எல்லையை 5,904 ஆக விரிவுபடுத்தி அரசு உத்தரவிட்டது 2022-ல்தான். ஆனால் மனை விற்பவர்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. எல்லைக்கு வெளியே கிராம ஊராட்சி நிலத்தில், பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தையே அங்கீகாரமாகக் காட்டி வயல்களைக் கல் நட்டு விற்றார்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அன்று கைமாற்ற முடியாத மனையோடு திகைத்து நின்ற குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். அடுத்த ஆண்டு வரன்முறை விதிகள் வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

மனை மலிவு என்றுதான் எல்லோரும் வந்தார்கள். மலிவாக இருந்தது பத்திரத்தில் எழுதிய விலை மட்டுமே. மீதி விலையைத் தினமும் நேரமாகக் கட்டுகிறார்கள். வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். போக வர மூன்று மணி. மாதம் 25 வேலை நாள் என்றால் 75 மணி. வருடத்துக்கு 900 மணி. இரவு பகல் சேர்த்து முப்பத்தேழு நாட்களுக்கு மேல் வருகிறது. இருபது வருட வீட்டுக்கடன் அடைந்து முடியும்போது, ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் இரண்டு முழு வருடங்கள் கழிந்திருக்கும். வங்கி தரும் எந்தக் கணக்குத் தாளிலும் இந்தத் தவணை வராது.

2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டு பாதையில் ஏசி லோக்கல் வந்தது. சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஏசியில் அது 35-ல் தொடங்கி 105 வரை போகிறது. கூடுதல் பணத்துக்குக் குளிர்ச்சியும் கொஞ்சம் மரியாதையும் கிடைக்கின்றன. நேரம் அப்படியேதான் இருக்கிறது. நேரத்தை மிச்சம் பிடிக்க நினைத்துப் படிக்கட்டில் தொங்கியவர்களுக்கு என்ன ஆனது என்பதைப் பரங்கிமலை ஸ்டேஷன் 2018 ஜூலையில் காட்டியது. மின்கம்பிக் கோளாறால் லோக்கல் வண்டியை எக்ஸ்பிரஸ் பாதைக்கு மாற்றிவிட்டார்கள். தொங்கிக்கொண்டு போனவர்கள் அந்தப் பாதையை ஒட்டி நின்ற கான்கிரீட் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். அலுவலகத்தில் கைரேகை வைக்கும் நேரத்துக்காக அவ்வளவு பெரிய விலை.

இந்த நேரக் கணக்கை ஆண்கள்தான் அதிகம் பேசுவார்கள்; அதிகம் கட்டுவது பெண்கள். எட்டரை மணி வண்டியைப் பிடிக்கும் பெண் நாலரைக்கு எழுந்தால்தான் இரண்டு வேளைச் சமையல், டிபன் பாக்ஸ், பள்ளி வேன் எல்லாம் முடியும். லேடீஸ் பெட்டியில் நாலு நாள் போய்ப் பார்த்தால் தெரியும். ஒருத்தர் மடியில் பையை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். இன்னொருவர் வாங்கிய உதிரிப் பூவைக் கட்டி முடித்து, கிண்டியில் இறங்குமுன் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கிள்ளிக் கொடுத்துவிட்டுப் போவார். தவணையில் புடவை வியாபாரம், ஏலச்சீட்டு, மகளுக்கு வரன், எந்த டியூஷன் நல்லது என்கிற ஆலோசனை எல்லாம் அங்கேதான் நடக்கும். ஒரு நாள் ஆள் வரவில்லை என்றால் தாம்பரம் தாண்டுவதற்குள் போன் போய்விடும். தெரு கொடுக்காத அக்கம்பக்கத்தை ரயில் பெட்டி கொடுக்கிறது. பத்து வருடம் ஒன்றாகப் பயணம் செய்துவிட்டு, ஒருவர் வீட்டை ஒருவர் பார்க்காமலேயே ஓய்வு பெற்றவர்களும் உண்டு.

அப்படியானால் பகலில் அந்தத் தெரு யாருடையது? காலை பத்து மணிக்கு மேல் நடந்து பாருங்கள். பாதி வீட்டில் பூட்டுத் தொங்கும். மீதி வீடுகளில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் திருநெல்வேலியிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ வந்த பெரியவர்கள். "ஆச்சி, எதிர் வீடு பூட்டியிருக்கு, இதை வாங்கி வச்சிடறீங்களா?" என்று கூரியர் பையன் கேட்பான். "வச்சிட்டுப் போய்யா, சாயங்காலம் அந்தப் பிள்ளை வந்ததும் குடுத்துருதேன்" என்பார் ஆச்சி. எதிர் வீட்டுச் சாவியும் அவரிடம்தான் இருக்கும். தண்ணீர் கேன்காரர் எப்போது வருவார், கழிவுநீர் லாரிக்கு யாரைக் கூப்பிட வேண்டும், எந்தத் தெரு நாய் கடிக்கும் என்று கேட்டால் உடனே சொல்வார். விருந்தாளியாக வந்தவரே அந்தத் தெருவின் முழுநேரக் குடிமகள் ஆகிவிட்டார். கடன் வாங்கி வீடு கட்டிய மகனுக்கோ ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அது ஊர்.

இதன் விளைவைத் தெருவில் பார்க்கலாம். கழிவுநீர் லாரி வீடு வீடாக வருகிறதென்றால், பாதாளச் சாக்கடை இல்லை என்று பொருள். கிராம ஊராட்சிக்கு இருக்கும் வருவாயும் ஆட்களும் மாடிக் குடியிருப்புகள் நெருக்கி நிற்கும் ஊருக்குப் போதவில்லை. கேட்க வேண்டியவர்களோ பகலில் ஊரில் இல்லை. சென்னை மேயர் பெயர் தெரியும். தங்கள் வார்டு உறுப்பினர் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள். கிராமசபைக் கூட்டத்துக்கு லீவு நாளிலும் போவது ஓய்வு பெற்ற நாலைந்து பேர்தான். மழைக்காலத்தில் பேண்டை முழங்கால் வரை சுருட்டி, ஷூவை பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் குழாயடியில் கால் கழுவிவிட்டு மாட்டிக்கொண்டு ஏறும் காட்சியை இங்கே யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. அப்படிப் பழகிப்போனதுதான் பிரச்சினை.

பழகாத நாள் ஒன்று வந்தது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்தில் தரைத்தளங்கள் மூழ்கின. வீதிக்குள் படகு வந்தது. ரயிலும் ஓடவில்லை. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றுக்குப் போகும் வழியில் தங்கள் வீடு நிற்கிறது என்பதைப் பலர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். மனை வாங்கும்போது ஸ்டேஷன் எத்தனை நிமிடம் என்று கேட்டார்களே தவிர, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்கவில்லை. மாடியில் மாட்டிக்கொண்ட அந்த நாட்களில் பக்கத்து வீட்டோடு முதன்முறையாகச் சோறு பகிர்ந்தவர்கள் பிறகு சேர்ந்து மனு கொடுத்தார்கள், வரத்துக் கால்வாய் தூர்வார அலைந்தார்கள். இன்று இந்தப் பக்கம் சுறுசுறுப்பாக இயங்கும் பல குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கு முதுகெலும்பு கொடுத்தது வெள்ளம்தான்.

நல்லதும் நடந்திருக்கிறது. தென்மாவட்டத்துக்குப் போக வேண்டுமானால் முன்பெல்லாம் வடக்கே கோயம்பேட்டுக்குப் போய் சீட் பிடித்து, அதே பஸ்ஸில் தன் வீட்டைக் கடந்து தெற்கே வர வேண்டும். அல்லது பெருங்களத்தூரில் நின்று, நிற்காத பஸ்ஸை ஓடிப் பிடிக்க வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததும் கதை தலைகீழானது. இப்போது பட்டணத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு இங்கே வருகிறார்கள். இரவு ஒன்பது மணி பஸ்ஸுக்கு எட்டரைக்கு வீட்டைப் பூட்டினால் போதும் என்று ஊரப்பாக்கத்துக்காரர் சொல்கிறார். வாழ்க்கையில் முதன்முறையாக நேரத்தில் அவருக்கு லாபம்.

இந்த லாபம் ஊருக்குப் போகும் நாளோடு நின்றுவிடக் கூடாது. இன்னும் இரண்டு லோக்கல் வண்டி விட்டால் நெரிசல் குறையும், விட வேண்டியதுதான். ஆனால் புறநகரின் குறை வண்டி பற்றாததால் மட்டும் வந்ததல்ல. தூங்க ஓர் இடம், சம்பாதிக்க ஓர் இடம் என்று பிரித்து வைத்ததால் வந்தது. நடந்துபோகும் தூரத்தில் வேலை இருப்பவர்களால்தான் வார்டு கூட்டத்துக்கு நேரம் ஒதுக்க முடியும், கால்வாய் அடைப்பதைப் பகலில் பார்க்க முடியும், ஆச்சியிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும். வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று திட்டம் போட்டு, இதே பாதையில் ஒரு புதுநகரை சிஎம்டிஏ உருவாக்கவும் செய்தது. தனித்தமிழ் அறிஞர் ஒருவரின் பெயர் தாங்கிய அந்த ஊரில் தொழிற்சாலைகள் வந்தன, வேலை வந்தது. பிறகும் ஏன் அங்கிருந்து காலை வண்டியில் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கு ஏறுகிறார்கள்?

அடுத்த வாரம் மறைமலை நகர்.