‘சந்தோசம்’ கொடுப்பவர்களும் சட்டமும்

இலஞ்சம் என்ற சொல்லை எங்கள் ஊர்களில் யாரும் தன்னைப் பற்றிச் சொல்வதில்லை. கந்தோரில் ‘சந்தோசம்’ கொடுத்தோம் என்பார்கள். ‘டீ குடிக்க’ ஏதோ கொடுத்தோம் என்பார்கள். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கக் கொடுத்தால் அதற்குப் பெயர் ‘அன்பளிப்பு’. பெயர் மாறினால் பாவமும் மாறிவிடும் என்று நினைக்கிறோம் போலும்.

இந்த அன்பளிப்புக் கதை புதியதல்ல. நபி (ஸல்) அவர்கள் ஸகாத் வசூலிப்பதற்காக இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பினார்கள். திரும்பி வந்த அவர், கொண்டுவந்த பொருட்களில் ஒரு பகுதி உங்களுக்குரியது, மற்றது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தன் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. கொடுப்பவர் அந்த மனிதரைப் பார்த்துக் கொடுக்கிறாரா, அவருடைய பதவியைப் பார்த்துக் கொடுக்கிறாரா என்று அறிய இதைவிட எளிய கேள்வி இருக்க முடியாது. அதைத் தனியே அழைத்துக் கேட்காமல் எல்லோரும் கேட்கும்படி கேட்டதையும் நாம் கவனிக்க வேண்டும். பொதுப் பணம் பற்றிய கேள்வி பொது இடத்துக்கு உரியது.

எமது நாட்டில் 1954 ஆம் ஆண்டிலிருந்தே இலஞ்சச் சட்டம் இருக்கிறது. வாங்குபவரைப் போலவே கொடுப்பவரும் அதன்படி குற்றவாளிதான். “சட்டம் இருந்து என்ன கண்டோம்? கொடுக்காவிட்டால் வேலை நடக்காதே” என்று பெரியவர்கள் கேட்பது நியாயமாகத் தெரியலாம். ஆனால், பாடசாலையில் இடங்களின் எண்ணிக்கை மட்டானது. ஒரு வாப்பா பணம் கொடுத்து ஓர் இடத்தை வாங்கும்போது, தகுதியிருந்தும் கொடுக்க வழியில்லாத இன்னொரு வாப்பாவின் பிள்ளை வெளியே நிற்கிறது. அந்தப் பிள்ளையின் முகம் நமக்குத் தெரியாது என்பதால்தான் ‘சந்தோசம்’ என்று சொல்ல முடிகிறது.

தனி மனிதரின் நேர்மையை மட்டும் நம்பியிருக்க முடியாததற்கும் காரணம் இதுதான். வசதியும் செல்வாக்கும் உள்ளவர் கொடுக்க மாட்டேன் என்று எழுந்து வந்துவிடுவார். ஓர் ஆவணத்துக்காக நாலாவது தடவையாக வந்திருக்கும் விதவைத் தாய் அப்படி எழுந்துவர முடியுமா? சில பெண்களிடம் கேட்கப்படுவது பணமும் அல்ல. போரில் கணவனை இழந்த பெண்களிடம் சில அதிகாரிகள் பாலியல் ரீதியான சலுகை கேட்டதாகப் பெண்கள் அமைப்புகள் பல வருடங்களாகச் சொல்லி வந்தன. பழைய சட்டம் பணத்தையும் பரிசையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம்தான் பாலியல் இலஞ்சத்தை ஒரு குற்றமாகத் தெளிவாக எழுதியது. பெண் பிள்ளைகள் படிக்கும் ஒரு கல்லூரியில் இந்த விடயம் மறைத்துப் பேசப்படக் கூடாது என்பது என் கருத்து.

சட்டத்தில் ஓட்டை இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் கண்டுவிட்டோம். 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மூன்று ஆணையாளர்களின் எழுத்துமூல அனுமதி பெறப்படவில்லை என்ற தொழில்நுட்பக் காரணத்தால் பிரபலங்களுக்கு எதிரான பல வழக்குகள் வாபஸ் பெறப்பட்டன. குற்றம் நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கே அங்கு விடை கிடைக்கவில்லை. 1975 ஆம் ஆண்டின் சொத்து வெளிப்படுத்தல் சட்டம் இன்னும் வேடிக்கையாக இருந்தது. கட்டணம் செலுத்தி ஒருவரின் சொத்து விபரத்தைப் பெற முடிந்தது, ஆனால் அதைப் பகிரங்கப்படுத்த முடியாதிருந்தது. உமர் (ரழி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்களுடைய சொத்தை எழுதி வைத்தார்கள் என்றும், பதவியில் அது அளவுமீறிப் பெருகினால் ஒரு பகுதியை பைத்துல்மாலில் சேர்த்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். இப்போதைய சட்டம் சொத்து விபரங்களை இணையத்தில் வெளியிடச் சொல்கிறது.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த உடன்பாட்டில் இப்படியொரு சட்டத்தைக் கொண்டுவருவதும் இருந்தது. நல்லது நடந்தால் யார் கேட்டு நடந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். கடன் கொடுத்தவர் கேட்டதற்காக வந்த சட்டம், அவர் கணக்கை முடித்துக்கொண்டு போனபின் தளர்ந்து போகலாம். அதில் திருத்தம் என்ற பெயரில் ஓர் ஓட்டை போடப்படும்போது அதைக் கண்டு கேள்வி கேட்க நாட்டு மக்கள்தான் இருப்பார்கள். அதற்கு அந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யாராவது இலஞ்சம் கேட்டால் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். சட்டம் வந்த வருடமே தொலைபேசி இலக்கமாக இருப்பதால் மறக்காது. தகவல் தருபவருக்கும் சாட்சிக்கும் புதிய சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. தெரிந்துகொண்டே பொய் முறைப்பாடு செய்வதும் குற்றம் என்பதால், கோபத்தில் எவர் மீதும் பழி போடவும் முடியாது.

முறையிடும் அளவுக்குப் போகாமல் கேள்வி மட்டும் கேட்க விரும்புகிறவர்களுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் வீதிக்குப் போட்ட கொங்கிறீட்டுக்கு எவ்வளவு செலவானது, யாருக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது என்று பிரதேச சபையிடம் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். எழுதத் தெரியாத உம்மும்மாவுக்காக அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்க உயர்தரம் படிக்கும் ஒரு பேத்தி போதும்.