பெங்களூரிலிருந்து போன தஞ்சை ராஜா

வைட்ஃபீல்டில் குடியேறியிருக்கும் தஞ்சைக்காரர்களுக்கு பெங்களூர் பிழைக்க வந்த ஊர். மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பு பயணம் எதிர்த்திசையில் இருந்தது. பெங்களூரிலிருந்து படையோடு கிளம்பிய ஒரு தளபதி தஞ்சாவூர் அரியணையில் உட்கார்ந்துவிட்டார். பெயர் ஏகோஜி. சத்ரபதி சிவாஜியின் தம்பி, தாய் வேறு.

1638இல் பீஜப்பூர் படை பிடித்த பெங்களூர், அப்பா ஷாஹாஜிக்கு ஜாகீராயிற்று. 1664இல் வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்து அவர் இறக்க, ஊர் ஏகோஜி கைக்கு வந்தது. தஞ்சை நாயக்க வாரிசு செங்கமலதாசுக்கு உதவும்படி சுல்தான் அனுப்பினார். உதவியவர், பிறகு நாட்டைத் தானே வைத்துக்கொண்டார்.

அண்ணன் சும்மா விடவில்லை. 1677இல் கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் முகாமிட்டு, தந்தையின் சொத்தில் பாதி கேட்டார். பேசப் போன ஏகோஜி, ஓர் இரவு சொல்லிக்கொள்ளாமல் ஆற்றைக் கடந்து நழுவினார். வீரனுக்கு அழகில்லைதான். ஆனால் சிவாஜியைச் சந்திக்கப் போன அஃப்சல் கானின் கதி அவருக்குத் தெரியாததா?

பிறகு சண்டை, தோல்வி. சமரசத்துக்கு வழிசெய்தவர் ஏகோஜியின் மனைவி தீபாபாய். பெங்களூரை சிவாஜி அவருக்கே விட்டுக்கொடுத்தார், ரவிக்கை வளையல் செலவுக்காம்!

தொலைவிலிருந்து ஊரைக் காப்பது சுலபமாயில்லை. மைசூர் சிக்கதேவராஜ உடையாருக்கு மூன்று லட்ச ரூபாய்க்கு விற்கப் பேச்சு நடந்தது. அதற்குள், 1687இல், மொகலாயத் தளபதி காசிம் கான் ஊரைப் பிடித்து, அதே மூன்று லட்சத்துக்கு உடையாரிடம் கொடுத்துவிட்டார்.

தஞ்சை மட்டும் நிலைத்தது. ஷாஹாஜி, சரபோஜி, துக்கோஜி என மூன்று மகன்களும் அடுத்தடுத்து ஆண்டார்கள். 1855இல் ஆண் வாரிசின்றி இறந்த கடைசி ராஜாவுக்கு வைத்திருந்தது, சொத்துக் கேட்டு வந்த அந்த அண்ணனின் பெயர்: சிவாஜி.