தூக்கிப் பார்த்து வாங்க வேண்டிய வண்டி

பவானிக்கு ரயில் நிலையம் கிடையாது. கைக்குழந்தையோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயிலில் போக நினைக்கும் குடும்பம் முதலில் ஈரோட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். குழந்தைக்கென்று ஒரு ஸ்ட்ரோலரும் கூட வருகிறது என்றால், அந்த ஒரு பயணத்தில் அதை எத்தனை முறை தூக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசற்படியில் ஒருமுறை. பஸ்ஸின் இரண்டு மூன்று படிகளில் ஏற்ற ஒருமுறை, ஈரோட்டில் இறக்க ஒருமுறை. ஆட்டோவில் வைக்க, எடுக்க இரண்டு முறை. நடைமேடை மாற வேண்டியிருந்தால் இன்னொரு முறை. கடைசியில் ரயில். உயர நடைமேடை தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம், இப்போதைய எல்.எச்.பி. பெட்டியின் தரையோ ஏறக்குறைய 130 சென்டிமீட்டர். மீதி அரை மீட்டரை, பின்னால் ஆட்கள் நெருக்க, குறுகலான படியில் கால் வைத்து ஏற வேண்டும். போய்ச் சேரும் ஊரில் இத்தனையும் தலைகீழாக ஒருமுறை நடக்கும். இதற்கிடையில் அந்த வண்டி தரையில் உருண்ட நேரம் கால் மணி இருந்தால் அதிகம்.

கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பயணத்துக்கு ஸ்ட்ரோலர் வாங்கும்போது பெரும்பாலும் தப்பு நடப்பது இந்தக் கணக்கைப் போடாததால்தான் என்பது என் கருத்து. கடையில் வழவழப்பான டைல்ஸ் தரையில் தள்ளிப் பார்க்கிறோம். சக்கரம் சத்தமில்லாமல் ஓடுகிறது, மெத்தை புசுபுசுவென்று இருக்கிறது, பிடித்துப்போகிறது. நம் ஊர்ப் பயணத்தில் அதைத் தள்ளும் நேரத்தைவிடத் தூக்குவதும் மடிப்பதும் ஓரமாக ஒதுக்கி வைப்பதும்தான் அதிகம். ஆகவே மடித்த நிலையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலில் பார்த்து, விரித்த நிலையில் எப்படி ஓடுகிறது என்பதைப் பிறகு பார்க்க வேண்டும். பவானியில் ஜமக்காளம் வாங்க வருகிறவர் விரித்துப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. ஸ்ட்ரோலர் வாங்குகிறவர் மடித்துப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

பயண ஸ்ட்ரோலர் பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது. குழந்தை வண்டிகள் ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கனமான பெரிய வண்டிகளாகவே இருந்தன. இங்கிலாந்தில் ஓவன் மக்லாரன் என்ற விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்தவர், மாஸ்கோவிலிருந்து கைக்குழந்தையோடு வந்த தன் மகள் கனமான வண்டியை வைத்துக்கொண்டு அல்லாடுவதைப் பார்த்தார். விமானச் சக்கரம் பறக்கும்போது உள்ளே மடங்கி, இறங்கும்போது விரிந்து பூட்டிக்கொள்கிறதல்லவா, அந்த அறிவை அலுமினியக் குழாய்களில் கொண்டுவந்து, குடை போல மடங்கும் வண்டி ஒன்றை வடிவமைத்து 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967இல் விற்பனைக்கு வந்த அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. அவர் தீர்க்க நினைத்தது தூக்கிச் செல்வதிலுள்ள சிரமத்தை. சொகுசு அவருக்கு இரண்டாம்பட்சம்.

எடைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9. இரண்டு வயதில் 12.2, 11.5. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர், மாற்றுத்துணி, சாப்பாடு அடங்கிய நாலு கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டால் ஏற்கெனவே 14 கிலோ ஏறிவிட்டது. மறுகையில் ஆறரைக் கிலோ ஸ்ட்ரோலர் என்றால் 20 கிலோ. அதுவே 11 கிலோ வண்டியாக இருந்தால் 25 கிலோ, அதாவது ஒரு சிப்பம் அரிசி. ஒரு சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் படியேற யாரும் ஒரு தாயிடம் சொல்லமாட்டோம். சுமையைப் பிரித்து மூன்று பெயர் வைத்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். இடுப்பில் குழந்தை உள்ள ஒருவர் ஒற்றைக் கையால் முழங்கை நோகாமல் படியேற்றக்கூடிய எடை ஆறு, ஆறரைக் கிலோவோடு நிற்கிறது என்று நான் கருதுகிறேன். ஏழு கிலோவைத் தாண்டினால் இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானதுதான். நம் ஊர்த் தெருவில் குழியும் மணலும் ஜல்லியும் இருக்கையில் சிறிய சக்கர வண்டி என்ன செய்யும், பெரிய சக்கரமும் கனமான சட்டமும் உள்ளதுதானே உருப்படியாக ஓடும் என்கிறார்கள். இரண்டு சென்டிமீட்டர் மேட்டைப் பொறுத்தவரை அது உண்மை. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் அதில் ஏறிப் போய்விடும். 14 சென்டிமீட்டர் சக்கரம் முட்டி நிற்கும், கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்க வேண்டியிருக்கும். ஆனால் எந்தச் சக்கரமும் தன் ஆரத்துக்குச் சமமான படியில் நேராக உருண்டு ஏற முடியாது. இந்திய சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் நடைபாதையின் உயரத்துக்கு வைத்த உச்சவரம்பே 15 சென்டிமீட்டர். நம் ஊரில் அந்த வரம்பையும் தாண்டிய நடைபாதைகள் ஏராளம். 15 சென்டிமீட்டர் என்பது அந்தப் பெரிய சக்கரத்தின் சரியான ஆரம். ஆக, சிறிய சக்கரத்தைத் தூக்க வேண்டிய இடத்தில் பெரிய சக்கரத்தையும் தூக்கித்தான் ஆக வேண்டும், அதுவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடையோடு. கோயில் நிலைப்படி, கல்யாண மண்டபத்துப் படி, மருத்துவமனை வாசல், பஸ் படி என்று நம்மைத் தடுத்து நிறுத்துபவை பெரும்பாலும் இந்த உயரமோ அதற்கு மேலோ இருப்பவை. தோட்டத்து வீட்டில் தினமும் மண் தடத்தில் குழந்தையை உலாத்த வேண்டியவர்கள் பெரிய சக்கரம் வாங்கட்டும், அது வேறு தேவை. பயணத்துக்கு அது உதவாது.

வண்டியைக் குறைப்பதற்குப் பதில் நடைபாதையையும் பஸ்ஸையும் அல்லவா திருத்த வேண்டும் என்று கேட்டால், அதுவும் நியாயம்தான். அதே வழிகாட்டுதல் தடையில்லாத நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்றது. சென்னையில் 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. தரை உயரம் சுமார் 40 சென்டிமீட்டர்தான், நிறுத்தத்தில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தும் கொடுக்கும். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிப் பெற்ற அந்த வசதியால் கைக்குழந்தைக்காரர்களுக்கும் பலன் கிடைக்கிறது. பவானி ஈரோடு வழித்தடத்தில் அப்படியொரு பஸ் வந்துவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும். அந்த நாள் சீக்கிரம் வர வேண்டும். அதுவரை இருக்கிற பஸ்ஸை வைத்துத்தான் வாங்க முடியும்.

எடைக்கு அடுத்து மடிப்பு. இதில் இரண்டு வகைகள் உண்டு. மக்லாரன் வழிவந்த குடை மடிப்பு நீளமாக, கைத்தடி போல மடங்கும். கதவோரம் சாத்தி வைக்கலாம், ஆனால் படுக்க வைக்க இடம் வேண்டும். மற்றது பெட்டி போல மூன்றாக மடங்குவது. பிரான்ஸின் பேபிசென் யோயோ இந்த வகையைப் பிரபலமாக்கியது. அதன் மடித்த அளவு 52, 44, 18 சென்டிமீட்டர், எடை ஆறு கிலோவைச் சற்றுத் தாண்டும். அதே மாதிரியில் இந்தியக் கடைகளில் இப்போது பல நிறுவனங்களின் வண்டிகள் கிடைக்கின்றன. பஸ் இருக்கைக்கு முன்னால் காலடியிலும், ரயிலில் கீழ் பெர்த்துக்கு அடியிலும் வைக்க இந்தப் பெட்டி மடிப்பே ஏற்றது. கோவையில் ஓடும் வாடகைக் கார்கள் பலவற்றில் டிக்கியை சிஎன்ஜி சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நீள மடிப்பு வண்டியை மடியில் போட்டுக்கொண்டு போக வேண்டிவரும்.

கோவை விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கோ ஷார்ஜாவுக்கோ பேரப்பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இந்திய விமான நிறுவனங்களில் பரவலாக உள்ள கைப்பை வரம்பு 55, 35, 25 சென்டிமீட்டர். மூன்றையும் கூட்டினால் 115. யோயோவின் மூன்று அளவுகளைக் கூட்டினால் 114 வருகிறது, ஆனால் அதன் 44 சென்டிமீட்டர் அகலம் 35ஐத் தாண்டுகிறது. ‘கேபினுக்குள் போகும்’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பிப் போனால் வாசலில் வாக்குவாதம்தான் மிஞ்சும். மடக்கு ஸ்ட்ரோலரைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் குழந்தைக்கென்று கட்டணமில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. அதை விமான வாசல் வரை வைத்துக்கொள்ளலாமா, இறங்கும்போது வாசலிலேயே கிடைக்குமா, பெட்டிகளோடு பெல்ட்டில்தான் வருமா என்பதை மட்டும் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பெல்ட்டில் வருமானால் ஒரு உறை அவசியம்.

இங்கே எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். எடை குறைவு என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு போனால் கடைக்காரர் மூவாயிரம் ரூபாய்க்குள் மெல்லிய குழாயும் ஒற்றைத் துணியுமாக ஒன்றை எடுத்து நீட்டுவார். தூக்க லகுவாகத்தான் இருக்கும். எடையை எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அலுமினியத்தால் குறைந்திருந்தால் நல்லது. வார்ப்பட்டையைக் குறைத்தும், முதுகுச் சாய்வை எடுத்துவிட்டும், பிரேக்கை ஒரு சக்கரத்தோடு நிறுத்தியும் குறைத்திருந்தால் அந்தச் சேமிப்பு குழந்தையின் கணக்கிலிருந்து எடுத்தது. தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனை வார் கட்டாயம். இடுப்பு வார் மட்டும் இருந்தால் எழுந்து நிற்க முயலும் பத்து மாதக் குழந்தையை அது தடுக்காது. ஐரோப்பியத் தரநிலை, பிறந்த குழந்தையை உட்கார வைக்கும் வண்டியின் முதுகு குறைந்தது 150 டிகிரி சாய வேண்டும் என்கிறது. அவ்வளவு சாயாத வண்டியில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை வைக்கக் கூடாது. கழுத்து நிற்காத குழந்தையின் தலை முன்னால் சரிந்தால் மூச்சு தடைப்படும்.

மடங்கும் கீலைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். 2009 நவம்பரில் மக்லாரன் நிறுவனமே அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் ஸ்ட்ரோலர்களைத் திரும்ப அழைத்தது. விரிக்கும்போது பக்கவாட்டுக் கீலில் விரல் சிக்கி, பன்னிரண்டு குழந்தைகளின் விரல்நுனி துண்டானதாகப் புகார்கள் பதிவாகியிருந்தன. தீர்வாக அவர்கள் கொடுத்தது கீலை மூடும் ஓர் உறை. மடிக்கும் வசதியை உலகுக்குக் கொடுத்த பெயருக்கே இப்படி நேர்ந்தது. கடையில் கீலைத் தடவிப் பாருங்கள். உங்கள் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தால் குழந்தையின் விரல் தாராளமாக நுழையும். பூட்டு ‘டக்’கென்று விழுகிறதா, பூட்டிய பிறகு கைப்பிடியை அசைத்தால் சட்டம் ஆடுகிறதா என்று பாருங்கள். விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தையின் கை கீலுக்கு எட்டக் கூடாது.

நம் வெயிலுக்கு என்று தனியாக யோசிக்க வேண்டியதும் உண்டு. சித்திரை, வைகாசியில் ஈரோடு மாவட்டம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. முதுகுப் பக்கம் வலைத்துணியும், நெற்றிவரை இறங்கும் கூரையும் உள்ளது நல்லது. வெயில் படாமல் இருக்கட்டும் என்று துண்டையோ பழைய வேட்டியையோ வண்டி மேல் போர்த்துவது இங்கே பலருக்குப் பழக்கம். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த துணியால் மூடிய வண்டிக்குள் வெப்பம் கூடுவதையும், ஈரத் துணியோடு சிறு விசிறியும் இருந்தால் குறைவதையும் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஜமக்காளத்தை நாலாக மடித்து இருக்கையில் போடுவதும் வேண்டாம். சூட்டைப் பிடித்து வைக்கும், குழந்தையை உயர்த்தி வாரைத் தளர்த்தியும் விடும். அதை நடைமேடையில் விரித்துக் குழந்தையைத் தவழ விடுங்கள், அதுதான் அதன் இடம். புகையும் ஒரு கவலை. பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தினர் 2018இல் சொன்னபடி, வண்டியில் உள்ள குழந்தை தரையிலிருந்து 55 முதல் 85 சென்டிமீட்டர் உயரத்தில் மூச்சு விடுகிறது; பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை கூடுதலாக மாசை உள்ளிழுக்க நேரலாம். பவானி லட்சுமி நகர் பைபாஸில் சேலம், கோவை பஸ்களுக்காகக் காத்திருக்கும்போது குழந்தை கையில் இருப்பதே நல்லது.

அப்படியானால் ஸ்ட்ரோலரே எதற்கு என்ற பெரிய மறுப்பு எழும். அம்மாவைப் பெற்ற அம்மாயி வருகிறார், அப்பிச்சி வருகிறார், கை மாற்றிக் கை மாற்றித் தூக்கிக்கொள்ள மாட்டோமா. தூளியில் தூங்காத குழந்தை உண்டா. நம் பிள்ளைகளுக்கு வண்டி என்றால் அவர்களே தள்ளி நடை பழகும் நடைவண்டிதானே என்பார்கள். இந்தப் பேச்சில் உள்ள பாசத்தை நான் மதிக்கிறேன். குழந்தைக்கு உடம்புச் சூட்டைவிட நல்ல இடம் இல்லை என்பதிலும் மறுப்பில்லை. ஆடிப்பெருக்கு அன்று பவானி கூடுதுறைக் கூட்டத்தில் எந்த ஸ்ட்ரோலரும் நுழையக் கூடாது. சங்கமேஸ்வரரைப் பார்க்க, சென்னிமலை படியேற, குழந்தை இடுப்பிலோ நெஞ்சோடு கட்டிய துணியிலோ இருப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் அறுபது வயது அம்மாயியின் முழங்காலையும், பிரசவம் முடிந்து எட்டு மாதமான மகளின் இடுப்பையும் கணக்கில் வைக்காமல் ‘தூக்கிக்கொள்ளலாம்’ என்று சொல்வது எளிது. சொல்கிறவர் பெரும்பாலும் தூக்குகிறவர் இல்லை. கூட்டுக் குடும்பமாகப் புறப்பட்ட காலத்தில் ஆறு கைகள் இருந்தன. திருப்பூரிலோ ஓசூரிலோ வேலை பார்க்கும் இருவர் ஒரு குழந்தையோடு ஊருக்கு வந்து போகையில் நாலு கைதான், அதில் இரண்டு பெட்டிகளைப் பிடித்திருக்கும். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமென்றாலோ, மருத்துவமனை வரிசை நகராமல் நின்றாலோ, தூங்கிவிட்ட பத்துக் கிலோவைச் சாய்த்துப் படுக்க வைக்க ஓர் இடம் தேவை. இடுப்பு பழையபடி தன் வேலையைச் செய்யட்டும், அது ஓயும் நேரத்துக்குத்தான் இந்த வண்டி.

வாங்கப் போகும்போது குழந்தையையும் கூட்டிப் போங்கள், பயணத்தில் அதிகம் தூக்கப் போகிறவரையும். அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் உதவியில்லாமல், ஒற்றைக் கையால் ஸ்ட்ரோலரை மடிக்கட்டும். மடித்ததும் அது தானாக நிற்கிறதா, விழுந்துவிடுகிறதா என்று கவனியுங்கள். தூக்க ஒரு பட்டை இருக்கிறதா, அது தோளில் உறுத்துகிறதா என்று பாருங்கள். பிறகு கடையின் மாடிப்படியில் அதோடு ஏறி இறங்கச் சொல்லுங்கள். பஸ் படிகள் கணக்கில் மூன்று போதும், முடிந்தால் ஒரு மாடி முழுக்க. கீழே வந்தபின் தரையில் வைத்து, அதே ஒற்றைக் கையால் விரித்து, குழந்தையை உட்கார வைத்து, ஐந்து வார்களையும் மாட்ட வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தால் விலையைப் பேசத் தொடங்கலாம்.