வலம் வரும் கால்களுக்கு வலிமை

ஆடி பிறந்துவிட்டால் சேலம் அம்மாபேட்டை செங்குந்தர் மாரியம்மன் திருக்கோயில் விழாக்கோலம் பூணும். புராணக் காட்சிகளைத் தாங்கி வரும் வண்டி வேடிக்கையைக் காண வீதியெங்கும் மக்கள் திரளுவர். ஆண்டுதோறும் தவறாமல் அம்மனை வலம் வந்த முதியோர் சிலரோ, "இடுப்பு வலி, இவ்வாண்டு வாசலிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்று வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுகின்றனர். மூப்பின் விதி என்று அவர்கள் பொறுத்துக்கொள்ளும் வலிகளுள் பல, தணிக்கக்கூடியவை. சிலவோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாதவை.

வலி எவ்விடத்தில்?

‘இடுப்பு வலி’ என்னும் ஒரே சொல்லால் வெவ்வேறு நோவுகள் குறிக்கப்படுகின்றன. ஆகவே, வலிக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டுவதே மருத்துவத்தின் முதற்படி.

இடுப்பின் பின்புறம் நொந்து, புட்டத்தின் வழியே கால்வரை இழுத்தால், அது பெரும்பாலும் முதுகெலும்பைச் சார்ந்தது. குழித்தறியில் நெடுநேரம் குனிந்து அமர்ந்து நெய்தவர்கள் நன்கறிந்த வலி இது. தொடையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் நோவும், அப்பக்கமாகப் படுக்க இயலாமையும் இருந்தால், அங்குள்ள தசைநாண்கள் நைந்திருக்கலாம். தொடை வயிற்றோடு சேரும் மடிப்பில், அதாவது கவட்டையில் வலித்தால், இடுப்பு மூட்டையே ஐயுற வேண்டும். இம்மூட்டின் நோய் சிலருக்கு முழங்கால் வலியாகவே தோன்றும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்தும் குணம் காணாதோர் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தேய்வது எது?

ஆட்டுரலின் குழியில் குழவி சுழல்வது போல, இடுப்பெலும்பின் கிண்ணத்துள் தொடையெலும்பின் தலை சுழல்கிறது. இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அது தேய்ந்தால் வலியும் விறைப்பும் உண்டாகும். சம்மணமிட்டு அமர்வதும், கால் நகம் வெட்டுவதும்கூட அரிதாகும். சிலருக்கு இரத்த ஓட்டம் குன்றி, தொடையெலும்பின் தலையே நலிந்துபோகும். நீண்டகால ஸ்டீராய்டு மருந்தும் மதுப்பழக்கமும் அதற்கு முக்கியக் காரணங்கள். பெயரறியா வலி மாத்திரைகளிலும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே நலம்.

விழுந்தால் தாமதம் வேண்டாம்

மூப்பில் எலும்பின் அடர்த்தி குறைகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இன்னும் விரைந்து குறைகிறது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்த முதியவரால் எழுந்து நிற்க இயலாவிட்டாலோ, ஒரு கால் குறுகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, தொடையெலும்பின் கழுத்து முறிந்திருக்கலாம். எலும்பில் கீறல் மட்டும் விழுந்தவர் வலியோடு நடப்பதும் உண்டு. அவ்விடத்தை உருவிவிடலாகாது, நாட்டுக்கட்டுப் போட்டுக் காத்திருக்கலாகாது. உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஓரிரு நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்து, மறுநாளே எழுந்து நிற்கப் பழக்குவதே இன்றைய முறை. வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தால் நுரையீரல் தொற்றும், படுக்கைப் புண்ணும், கால் சிரையில் இரத்தக் கட்டியும் உயிருக்கே ஊறு செய்யும்.

தீர்வுகள்

தேய்மானத்தின் தொடக்கத்தில் உடற்பயிற்சியும் எடைக் குறைப்புமே முதல் மருந்து. ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். வலது இடுப்பு நொந்தால் இடக்கையில். அதனால் மூட்டின் மீதுள்ள சுமை கணிசமாகக் குறையும். வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கக்கூடியவை. மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்த வேண்டும்.

இரவு உறக்கமும் அன்றாட நடையும் கெடும் அளவுக்கு மூட்டுத் தேய்ந்தால், செயற்கை மூட்டு பொருத்தலாம். 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர் செம்மைப்படுத்திய முறையின் வழிவந்தது இச்சிகிச்சை. இன்று பொருத்தப்படும் மூட்டுகளுள் பெரும்பாலானவை 20 ஆண்டுகள் வரை உழைக்கின்றன. அம்மாபேட்டையினருக்கு, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவு அருகிலேயே உள்ளது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கும்.

விழுந்து வணங்க இயலவில்லையே என்று வருந்துவோர், திருநாவுக்கரசரை நினைக்கலாம். கயிலை காணப் புறப்பட்ட அப்பர் பெருமானின் கால்கள் தேய்ந்தன, கைகள் தேய்ந்தன, உடலால் உருண்டும் சென்றார். இறைவனோ அவரை மேலும் வருத்தாமல், பொய்கையில் மூழ்கி எழச் செய்து, திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி தந்தருளினான். நாற்காலியில் அமர்ந்து கைகூப்பினாலும் அன்னை ஏற்பாள். மருத்துவம் செய்துகொண்டு அடுத்த ஆடிக்கு வலம் வந்தால், அவள் மகிழ்ந்து வரவேற்பாள்.