சப்வூபருக்கு ஆம்ப் போர்டு: வாட்டுக்கு முன் ஓமைப் பாருங்கள்



பழைய ஹோம் தியேட்டர் செட்டில் ஆம்ப் போயிருக்கும். சப்வூபர் பெட்டி மட்டும் நன்றாக இருக்கும். அதைத் தூக்கிப் போட வேண்டாம். சின்ன ஆம்ப் போர்டு ஒன்று மாட்டினால் வீட்டு டிவிக்கோ வகுப்பறைக்கோ மறுபடியும் உதவும்.

பண்டார் பாருவில் இருப்பவர்கள் கிரியான் ஆற்றைத் தாண்டி பாரிட் புந்தாரில் தேடினாலும் சரி, ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும் சரி, முதலில் கண்ணில் படுவது '100 வாட்' என்ற எழுத்துதான். அதை மட்டும் நம்பி வாங்காதீங்க. ஸ்பீக்கர் எத்தனை ஓம், அடாப்டர் எத்தனை வோல்ட் என்பதைப் பொறுத்துத்தான் வாட் கிடைக்கும்.

1. ஸ்பீக்கரின் ஓம்

பின்னால் காந்தத்தின் மேல் 4 அல்லது 8 ஓம் என்று எழுதியிருக்கும். அழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டரில் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கு மேல், 4-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாகச் சேர்த்தால் 2 ஓம், தொடராகச் சேர்த்தால் 8 ஓம். போர்டு தாங்கும் அளவுக்குக் கீழே ஓம் இறங்கினால் போர்டு சூடேறி நின்றுவிடும், அல்லது எரிஞ்சுடும்.

2. அடாப்டரின் வோல்ட்

இந்த வகைப் போர்டுகளில் டிபிஏ3116 என்ற சிப் அதிகம் இருக்கும். அதன் டி2 வகை 4.5 முதல் 26 வோல்ட் வரை வேலை செய்யும். கணக்கு சுலபம்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமின் இரு மடங்கால் வகுங்கள்.

24 வோல்ட், 4 ஓம்: 576 ÷ 8 = 72 வாட்
12 வோல்ட், 4 ஓம்: 144 ÷ 8 = 18 வாட்
24 வோல்ட், 8 ஓம்: 576 ÷ 16 = 36 வாட்

இது உச்ச அளவு. நிஜத்தில் இன்னும் குறையும். அதே '100 வாட்' போர்டு 12 வோல்ட்டில் 18 வாட்தான்! 4 ஓம் சப்வூபர் ஒன்றுக்கு 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் போதும். சிரிம் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

3. இணைக்கும் முறை

• பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.
• அடாப்டரின் பிளஸ், மைனஸை மீட்டரில் உறுதி செய்யுங்கள். மாறினால் போர்டு போச்சு.
• ஸ்பீக்கர் வயர் இரண்டும் போர்டின் ஸ்பீக்கர் முனைகளுக்கு மட்டும். மைனஸ் வயரை கிரவுண்டில் சேர்க்கவே கூடாது. இந்தச் சிப்பில் இரண்டு முனைகளிலும் மின்னழுத்தம் உண்டு.
• டிவி ஒலியை ஆர்சிஏ வயரில் கொடுங்கள். சப்வூபருக்கான போர்டில் தாழ் ஒலியை மட்டும் விடும் வடிகட்டி இருக்கும். அதன் குமிழை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைத்துத் தொடங்குங்கள்.
• வால்யூமை அடியில் வைத்து, கடைசியில் சுவிட்ச் போட்டு, மெதுவாக ஏற்றுங்கள். ஒலி கரகரத்தால் உடனே குறையுங்கள்.

230 வோல்ட் நேராக உள்ளே போகும் தட்டு வகை ஆம்பை நீங்களே பிரிக்க வேண்டாம்; உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுங்கள். மாணவர்களுக்குக் காட்டுவதென்றால் அடாப்டர் வகை போர்டே நல்லது, அதுவும் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

தொடர் மின்சுற்று, இணை மின்சுற்று பாடம் நடத்தும்போது அந்த 2 ஓம், 8 ஓம் வித்தியாசத்தை மீட்டரில் அளந்து காட்டிப் பாருங்கள். பலகையில் எழுதுவதைவிட பிள்ளைகள் மனதில் நிற்கும்.