தோசை, ஓவியம், ஒரு கிளாஸ் பீர்... பெங்களூருல ஒரு ஞாயிறு!

ஜனவரியில பெங்களூரு டிரிப் பிளான் இருக்கா? 'சித்ர சந்தே' நடக்கிற ஞாயிறா பார்த்து டிக்கெட் போடுங்க. கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் ஒருநாள் ஓவியச் சந்தை இது. அன்றைக்கு குமாரகிருபா சாலையில் வண்டிகள் கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் ரோட்டோரமாகவே கடை விரிப்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. சில நூறு ரூபாய்க்கும் படம் கிடைக்கும், லட்ச ரூபாய் கேன்வாஸும் இருக்கும். நடுவில் கமிஷன் எடுக்க கேலரி இல்லை. கொடுக்கிற காசு வரைஞ்சவர் கைக்கே போகுது. அதனால காய்கறிக் கடை மாதிரி பாதி விலைக்குக் கேட்காதீங்க பாஸ். 'இதை வரைய எத்தனை நாளாச்சு?'னு கேட்டுப் பாருங்க. அப்புறம் பேரம் பேச வாய் வராது.

அதுக்கு முன்னாடி வயிறு? காந்தி பஜார் வித்யார்த்தி பவன். 1943-லிருந்து இருக்கிற கடை. வெளியே மொறுமொறு, உள்ளே மெத்துனு தடிமனான மசால் தோசை. ஞாயிறு கூட்டம் அள்ளும், சீக்கிரம் போயிடுங்க.

சாயங்காலம் இந்திராநகர். அங்கே 'டாய்ட்' மாதிரி மைக்ரோ ப்ரூவரிகளில் பீரை அந்த இடத்திலேயே காய்ச்சி, தொட்டியிலிருந்து நேரா கிளாஸுக்கு ஊத்துறாங்க. முதல்முறைன்னா வீட் பீர் சொல்லுங்க. அதில் வரும் வாழைப்பழ, கிராம்பு வாசனைக்கு எசென்ஸ் எதுவும் சேர்க்கலை. கோதுமை மால்ட்டை நொதிக்க வைக்கிற ஈஸ்ட்டோட வேலை அது. வடிகட்டாததால கலங்கலாத்தான் இருக்கும், கெட்டுப்போச்சுனு பதறாதீங்க.

21 வயசு ஆகலையா? தோசையோட நிறுத்திக்கோங்க. குடிச்சவங்க வண்டியைத் தொடாதீங்க, பக்கத்திலேயே மெட்ரோ இருக்கு. வாங்கின ஓவியத்தை மட்டும் மறக்காம எடுத்துக்கோங்க!